திரை ஒன்று, மூளை மூன்று: மின்சார காருக்குள் உங்கள் போன் என்ன செய்கிறது?

மதுரை காளவாசலில் காரை எடுத்து, பாத்திமா கல்லூரி ரவுண்டானா வருவதற்குள் நடுத்திரையில் கூகுள் மேப் விரிந்துவிடுகிறது. கொடைக்கானல், 120 கிலோமீட்டர் சொச்சம். வாடிப்பட்டி, நிலக்கோட்டை, வத்தலக்குண்டு என்று நீலக்கோடு ஓடுகிறது. பெட்ரோல் காரென்றால் இதற்கு மேல் கேட்க எதுவுமில்லை. மின்சார காரில் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது: மேலே போய்ச் சேரும்போது பேட்டரி எத்தனை சதவீதம் இருக்கும்? பெரும்பாலான கார்களில் அந்த மேப்புக்கு அது தெரியாது. ஏனென்றால் மேப் ஓடுவது உங்கள் சட்டைப்பையில் கிடக்கும் போனில். கார் அந்தப் படத்தைக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

புதிதாக மின்சார கார் வாங்குகிறவர்கள் குழம்பும் இடம் இதுதான். திரை ஒன்றாக இருப்பதால் அதில் தெரிவதெல்லாம் ஒரே மென்பொருள் என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் மூன்று தனித்தனி மூளைகள் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் வேலை செய்கின்றன. எது எந்த வேலையைப் பார்க்கிறது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால், பழுது வரும்போது எங்கே கை வைக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

மூன்று மூளைகள்

முதலாவது, காரின் சொந்த மென்பொருள். ரேடியோ, ரிவர்ஸ் கேமரா, ஏசி, சார்ஜ் வரம்பு, பிரேக்கிங்கில் மின்சாரம் திரும்பப் பெறும் அளவு எல்லாம் இதன் பொறுப்பு. பேட்டரி எத்தனை சதவீதம், எவ்வளவு சூடு என்பதைக் காரின் மற்ற கணினிகளிடமிருந்து நேரடியாகக் கேட்டுத் தெரிந்துகொள்வது இது ஒன்றுதான்.

இரண்டாவது, உங்கள் போன். ஆப்பிள் கார்ப்ளே 2014இல் வந்தது. ஆண்ட்ராய்டு ஆட்டோ அதே ஆண்டு அறிவிக்கப்பட்டு 2015இல் புழக்கத்துக்கு வந்தது. இரண்டும் செய்வது ஒன்றே. போன் தன் மேப்பையும் பாட்டையும் கார் திரைக்கு ஏற்ற அளவில் வரைந்து, அதை வீடியோவாக மாற்றி அனுப்புகிறது. கார் அதை வாங்கிக் காட்டுகிறது. நீங்கள் திரையில் விரல் வைத்தால், எந்த இடத்தில் தொட்டீர்கள் என்ற தகவல் போனுக்குத் திரும்பிப் போகிறது. டிவியில் ஓடும் படத்தைப் பற்றி டிவிக்கு எதுவும் தெரியாது அல்லவா, அந்த மாதிரி.

மூன்றாவது, கார் நிறுவனத்தின் ஆப். வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து ஏசியைப் போடுவது, சார்ஜ் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பது, கதவு பூட்டியிருக்கிறதா என்று சரிபார்ப்பது எல்லாம் இதில்தான். போன் காருக்கு நேராகப் பேசுவதில்லை. உங்கள் கட்டளை இணையம் வழியாக நிறுவனத்தின் சர்வருக்குப் போகும். சர்வர் காருக்குள் இருக்கும் சிம்முக்கு அனுப்பும். கார் விழித்து, செய்து, பதிலை அதே வழியில் திருப்பும். கார் உங்கள் வாசலில் நின்றாலும் கட்டளை ஊரைச் சுற்றித்தான் வந்து சேர வேண்டும். அதனால்தான் ஒரு பொத்தானுக்கு 20, 30 விநாடி எடுக்கிறது.

பெயர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 'ஆண்ட்ராய்டு ஆட்டோ' வேறு, 'ஆண்ட்ராய்டு ஆட்டோமோட்டிவ்' வேறு. இரண்டாவது காருக்குள்ளேயே நிறுவப்பட்ட இயங்குதளம். போன் இல்லாமலே ஓடும், முதல் மூளையைச் சேர்ந்தது. அதில் கூகுள் மேப்பும் சேர்ந்து வந்தால் அந்த மேப்புக்கு பேட்டரி நிலவரம் தெரியும், போய்ச் சேரும்போது எத்தனை சதவீதம் மிஞ்சும் என்றும் காட்டும். 2020இல் வந்த போல்ஸ்டார் 2 அப்படி வந்த முதல் கார். ஷோரூமில் "ஆண்ட்ராய்டு இருக்கு சார்" என்று சொன்னால், எந்த ஆண்ட்ராய்டு என்று கேளுங்கள்.

பேட்டரி தெரியாத மேப்பும் கொடைக்கானல் மலையும்

மின்சார காரில் இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதை ஒரு கணக்குப் போட்டால்தான் புரியும். பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் கிலோவாட் மணி என்பது நம் ஈபி மீட்டரில் ஓடும் அதே யூனிட். 45 யூனிட் பேட்டரி உள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வோம். சமவெளியில் நிதானமாக ஓட்டினால் கிலோமீட்டருக்கு சுமார் 0.14 யூனிட் தின்னும் என்று வைப்போம். 120 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 17 யூனிட். 45இல் 17 போனால் பயமில்லை, அப்படித்தானே?

மலையைக் கணக்கில் சேர்க்கவில்லை. நாலு பேரும் பெட்டிகளும் ஏறினால் காரின் மொத்த எடை 1,800 கிலோ ஆகிவிடும். அந்த எடையை 2,000 மீட்டர் உயரத்துக்குத் தூக்கவே சுமார் 10 யூனிட் வேண்டும். இது சாலையின் தூரத்தோடு சேராத தனிச் செலவு. ஆக மொத்தம் 27 யூனிட், பேட்டரியில் 60 சதவீதம். 90 சதவீதத்தோடு மதுரையில் கிளம்பினால் மேலே 30 இருக்கும். 60 சதவீதத்தோடு கிளம்பியவருக்கு மேப் அதே நீலக்கோட்டைத்தான் காட்டியிருக்கும், ஒரு வார்த்தை எச்சரித்திருக்காது.

கார் மீட்டர் காட்டும் 'மீதி கிலோமீட்டர்' எண்ணும் இங்கே ஏமாற்றும். பல கார்களில் அது சற்று முன் நீங்கள் ஓட்டிய விதத்தை வைத்துப் போடும் மதிப்பீடு. ஏறும்போது கண்முன்னே சரியும், இறங்கும்போது ஏறிக்கொண்டே போகும். மலையில் அந்த எண்ணைப் பார்க்காமல் சதவீதத்தைப் பாருங்கள். இறக்கத்தில், தூக்கிய சக்தியில் பாதிக்கு மேல் பேட்டரிக்குத் திரும்பி வரும். ஆனால் மேலே தங்கும் விடுதியில் 100 சதவீதம் ஏற்றிக்கொண்டு இறங்கினால் வருகிற மின்சாரத்தை வைக்க பேட்டரியில் இடமிருக்காது. காரைப் பிடித்து நிறுத்தும் அந்த இழுவை குறைந்து, வேலை முழுக்க பிரேக் மேல் விழும். மேலே 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஏற்ற இறக்கத்தையும் சேர்த்துக் கணக்கிடும் ஆப்கள் உண்டு. 'எ பெட்டர் ரூட்பிளானர்' அப்படி ஒன்று. கார் மாடல், கிளம்பும் சதவீதம் இரண்டையும் கொடுத்தால், எங்கே நின்று எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று சொல்லும். கார்ப்ளே, ஆண்ட்ராய்டு ஆட்டோ இரண்டிலும் திரையில் வரும். வெளியூர்ப் பயணத்துக்கு இதில் திட்டம் போட்டுவிட்டு, போகும் வழிக்கு கூகுள் மேப்பை வைத்துக்கொள்வதே எங்கள் பரிந்துரை. மேப்பை முன்கூட்டியே ஆஃப்லைனில் இறக்கிக்கொள்ளுங்கள், மலைப்பாதையில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும்.

சில கார்களில் இன்னொரு நுணுக்கம் உண்டு. காரின் சொந்த மேப்பில் சார்ஜிங் நிலையத்தை இலக்காக வைத்தால், போய்ச் சேருவதற்குள் பேட்டரியை வேக சார்ஜுக்கு ஏற்ற வெப்பநிலைக்குக் கொண்டுவந்து வைக்கும். போன் மேப்பில் இலக்கு வைத்தால் பொதுவாகக் காருக்கு அந்தச் செய்தி போகாது.

வயரில்லாமல் இணையும்போது என்ன நடக்கிறது

பலரும் இதை ப்ளூடூத் என்றே நினைக்கிறார்கள். ப்ளூடூத் பார்ப்பது தரகர் வேலை மட்டும். காரைக் கிளப்பியதும் திரை தன்னைத் தயார்படுத்திக்கொள்ளச் சில விநாடி எடுக்கும். பிறகு ப்ளூடூத்தில் உங்கள் போனைக் கண்டுபிடித்து, தன் வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் ரகசியமாகக் கொடுக்கும். போன் அந்த வைஃபையில், பெரும்பாலும் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், சேர்ந்துகொள்ளும். வீடியோ போவது அதில்தான். ப்ளூடூத்துக்கு அவ்வளவு பாரத்தைச் சுமக்கும் தெம்பு கிடையாது.

இந்த வரிசை தெரிந்தால் பழுதைப் பாதி கண்டுபிடித்தாகிவிட்டது. ப்ளூடூத்தே இணையவில்லை என்றால் ஜோடி சேர்ப்பதில் கோளாறு. போன் அழைப்பு காரில் கேட்கிறது, ஆனால் மேப் வரவில்லை என்றால் வைஃபை கட்டத்தில் கோளாறு. இந்த இரண்டாவதுதான் அடிக்கடி நடக்கும். போனில் விபிஎன் (இணையத் தொடர்பை வேறு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் ஆப்) ஓடிக்கொண்டிருக்கிறதா, ஹாட்ஸ்பாட் போட்டு வைத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். அடுத்து கார் கடிகாரம். தேதி தப்பாக இருந்தால் இரு தரப்பும் ஒருவரையொருவர் நம்பும் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்றாகி, காரணம் சொல்லாமல் இணைப்பு அறுந்துவிடும். ஆண்ட்ராய்டு போன்களுக்கு வயரில்லா இணைப்பு வேண்டுமென்றால் பொதுவாக ஆண்ட்ராய்டு 11 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும்.

சில போன்கள் பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று பின்னணியில் ஓடும் ஆப்களைக் கொன்றுவிடும். பத்து நிமிடம் ஓடி மேப் காணாமல் போகிறதென்றால் இதைச் சந்தேகியுங்கள். செட்டிங்ஸில் ஆப்கள் பட்டியலுக்குப் போய், ஆண்ட்ராய்டு ஆட்டோவைத் திறந்து, பேட்டரி பகுதியில் 'கட்டுப்பாடில்லை' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கூகுள் மேப்புக்கும் அதையே செய்யுங்கள்.

எதுவும் பலிக்கவில்லையா? காரிலிருந்து போனை நீக்குங்கள், போனிலிருந்தும் காரை நீக்குங்கள். இரண்டு பக்கமும் செய்ய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் நீக்கினால் பழைய சாவியை வைத்துக்கொண்டு புதுப் பூட்டைத் திறக்கப் பார்க்கும். பிறகு திரையை ரீஸ்டார்ட் செய்து, காரை நிறுத்திய நிலையில் புதிதாகச் சேருங்கள். எந்தப் பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்தினால் திரை ரீஸ்டார்ட் ஆகும் என்பது காருக்குக் கார் மாறும், கையேட்டில் இருக்கும். அந்தப் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேபிள் எனும் சின்ன விஷயம்

வயர் வழி இணைப்பு பழைய முறை என்று ஒதுக்க வேண்டாம். சித்திரை வெயிலில் இதுவே மேல். வயரில்லா இணைப்பில் போன் ஒரே நேரத்தில் மேப் வரைந்து, வீடியோவாக்கி, வைஃபையில் அனுப்பிக்கொண்டு, கூடவே வயர்லெஸ் சார்ஜிங் தட்டில் வெந்துகொண்டும் இருக்கும். சூடு எல்லை தாண்டினால் முதலில் சார்ஜ் ஏறுவதை நிறுத்தும், அப்புறம் வேகத்தைக் குறைக்கும், மேப் திக்கித் திணறும். பார்க்கிங்கில் வெயிலில் கிடந்த கார் திரையும் சூட்டில் தானே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். பழுது என்று பயப்பட வேண்டாம். உள்ளே குளிர்ந்ததும் சரியாகிவிடும்.

வயர் வழி இணைப்பில் பிரச்சினை வந்தால், அது பெரும்பாலும் கேபிளில்தான் இருக்கும் என்று சொல்லலாம். டவுன்ஹால் ரோட்டில் 80 ரூபாய்க்குக் கிடைக்கும் கேபிள்களில் சில, சார்ஜுக்கு மட்டுமானவை. யூஎஸ்பி கேபிளுக்குள் மின்சாரத்துக்குத் தனி கம்பிகள், டேட்டாவுக்குத் தனி கம்பிகள் உண்டு. செலவைக் குறைக்க டேட்டா கம்பிகளை விட்டுவிடுகிறார்கள். போனில் மின்னல் குறி வரும், சதவீதம் ஏறும், திரையில் மட்டும் ஒன்றும் வராது. சோதிக்க எளிய வழி: அதே கேபிளில் போனை லேப்டாப்பில் செருகுங்கள். போனில் கோப்புப் பரிமாற்றத்துக்கு அனுமதி கொடுத்த பிறகும் கோப்புகள் தெரியவில்லை என்றால் அந்தக் கேபிள் காருக்கு ஆகாது. நீளம் 1 மீட்டருக்குள் இருக்கட்டும், நடுவில் ஹப், எக்ஸ்டென்ஷன் எதுவும் வேண்டாம்.

காரிலும் எல்லா யூஎஸ்பி துளையும் ஒன்றல்ல. முன்னால் இரண்டு இருந்தால் பெரும்பாலும் ஒன்றில்தான் டேட்டா போகும், பக்கத்தில் போன் படமோ திரிசூலம் போன்ற யூஎஸ்பி குறியோ இருக்கும். வெறும் மின்னல் குறி இருந்தால் சார்ஜுக்கு மட்டும். போனின் துளையையும் டார்ச் அடித்துப் பாருங்கள். சட்டைப்பைப் பஞ்சு உள்ளே அமுங்கி, கேபிள் ஒரு மில்லிமீட்டர் வெளியே நிற்கும், ஸ்பீட் பிரேக்கரில் ஏறும்போதெல்லாம் இணைப்பு போகும். போனை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியால் மெதுவாக நெம்பி எடுங்கள். ஊசி வேண்டாம்.

12 வோல்ட்: எல்லாரும் மறந்துவிடும் குட்டி பேட்டரி

நடுத்திரை பெரிய பேட்டரியிலிருந்து நேராக ஓடுவதில்லை. திரை, கதவுப் பூட்டு, விளக்கு, காரின் கணினிகள் எல்லாம் 12 வோல்ட் பேட்டரியில் ஓடுகின்றன. கார் கிளப்பி ஓடத் தயாரான 'ரெடி' நிலையில் இருக்கும்போது பெரிய பேட்டரியிலிருந்து ஒரு மாற்றி இதற்கு மின்சாரம் ஊட்டிக்கொண்டிருக்கும். ரெடி இல்லாமல் திரையை மட்டும் போட்டுக்கொண்டு, அழகர்கோவில் வாகன நிறுத்தத்தில் இரண்டு மணி நேரம் பாட்டுக் கேட்டால் பல கார்களில் இந்தக் குட்டி பேட்டரிதான் தேயும். அது படுத்துவிட்டால் பெரிய பேட்டரியில் 90 சதவீதம் இருந்தும் கார் விழிக்காது, கதவுகூடத் திறக்காது. சாவிக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியை எப்படி எடுப்பது என்று இப்போதே பழகிக்கொள்ளுங்கள். நின்றபடி பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் பிரேக்கை மிதித்து, காரை ரெடி நிலைக்குக் கொண்டுவந்து, பார்க்கிங்கில் போட்டுவிட்டுக் கேளுங்கள்.

பாட்டு போட்டால் தூரம் குறையுமா என்று பலர் கேட்கிறார்கள். திரையும் ஸ்பீக்கரும் சேர்ந்து 100 வாட் தின்கிறது என்றே வைத்துக்கொண்டாலும் மூன்று மணி நேரத்துக்கு 0.3 யூனிட், அதாவது 2 கிலோமீட்டர் தூரம். தாராளமாகக் கேளுங்கள். வெயிலில் ஏசி 1 முதல் 2 கிலோவாட் வரை இழுக்கும், கணக்குப் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

நிறுவன ஆப்பும் குட்டி பேட்டரியைத் தொடும். நிற்கும் கார் தூங்கிக்கொண்டிருக்கும். ஆப்பைத் திறந்து ரிப்ரெஷ் செய்யும் ஒவ்வொரு முறையும் நீங்கள் அதை எழுப்புகிறீர்கள். வாரக்கணக்கில் வெளியூரில் இருக்கும்போது மணிக்கொரு தரம் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

ஆப் பதில் சொல்லாதபோது

அடித்தள பார்க்கிங்கில் விட்டுவிட்டு வந்தால் காரின் சிம்முக்கு சிக்னல் கிடைக்காது. உங்கள் போனில் ஐந்து கோடு இருந்தும் பயனில்லை, சங்கிலியின் மறுமுனை அறுந்து கிடக்கிறது. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கம் லட்சக்கணக்கான போன்கள் ஒரே கோபுரங்களை மொய்க்கும்போதும் இதே கதிதான். போனைச் சாவியாகப் பயன்படுத்துகிறவர்கள் அன்றைக்கு அசல் சாவியையோ அட்டையையோ மறக்காமல் கையில் வைத்திருங்கள்.

சார்ஜிங் நிலையங்களின் ஆப்கள் இன்னொரு தனி உலகம். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு ஆப், ஒரு வாலட், ஒரு ஓடிபி. மேலூர் தாண்டி நான்குவழிச் சாலையில், 12 சதவீதத்தில், சிக்னல் ஊசலாடும் இடத்தில் நின்று புது ஆப் இறக்குவதைப்போல எரிச்சல் வேறில்லை. வழியில் வரும் நிலையங்களின் ஆப்களை வீட்டிலேயே இறக்கி, பதிவு செய்து, கொஞ்சம் பணமும் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். சார்ஜ் முடிந்தும் கன் (காரில் செருகும் சார்ஜிங் கைப்பிடி) கழலவில்லை என்றால் இழுக்காதீர்கள். ஆப்பில் நிறுத்தி, காரின் பூட்டை ரிமோட்டில் ஒரு தரம் திறங்கள். கன்னைப் பிடித்து வைத்திருப்பது காரின் பூட்டுத்தான்.

அப்டேட்

பல கார்களில் மென்பொருள் இணையம் வழியாகவே புதுப்பிக்கப்படும். பிழைகள் சரியாகும், சில நேரம் புதுப் பிழைகளும் வரும். ஊருக்குக் கிளம்பும் முந்தின இரவு போடாதீர்கள். காரை நிறுத்தி, போதுமான சார்ஜோடு, இரண்டு மணி நேரம் எங்கும் போகத் தேவையில்லாத பொழுதில் போடுங்கள், நடுவில் கதவைத் திறந்து நோண்ட வேண்டாம். முடிந்ததும் போன் இணையவில்லை என்றால், மேலே சொன்ன இருபக்க நீக்கம்தான் மருந்து.

ஓடும்போது திரை உறைந்துபோனால் பதற வேண்டாம். மோட்டார், பிரேக், ஸ்டியரிங் வேறு கணினிகளில் ஓடுகின்றன. வேகமும் நடுத்திரையிலேயே காட்டும் கார்களில் மட்டும் ஓரங்கட்டி நிறுத்தி ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

வாங்கும்போதும் விற்கும்போதும்

2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் வின்பாஸ்ட் ஆலை திறந்தாயிற்று. டாடா, மஹிந்திரா, எம்ஜி, ஹூண்டாய் எல்லாம் ஏற்கெனவே மின்சார கார் விற்கின்றன. டெஸ்ட் டிரைவுக்கு உங்கள் சொந்த போனையும் சொந்தக் கேபிளையும் கொண்டுபோங்கள். இணைத்து, மேப் ஓடவிட்டு, ஒரு அழைப்பு எடுத்து, ரிவர்ஸ் போட்டு, மறுபடி முன்னால் வந்தால் மேப் தானாகத் திரும்புகிறதா என்று பாருங்கள். ஏசியைத் தொட மேப்பை விட்டு எத்தனை தட்டல் வெளியே போக வேண்டியிருக்கிறது என்று எண்ணுங்கள். மூன்றுக்கு மேல் போனால் தினசரி ஓட்டத்தில் கண் சாலையை விட்டு விலகும், எங்களுக்கு அது பெரிய குறை. நிறுவன ஆப்பின் சேவை எத்தனை ஆண்டு இலவசம், பிறகு ஆண்டுக்கு எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

பழைய மின்சார கார் வாங்குகிறீர்கள் என்றால், ஆர்சி பெயர் மாற்றத்தோடு ஆப்பின் பெயர் மாற்றமும் நடந்தாக வேண்டும். முந்தைய உரிமையாளர் தன் ஆப்பிலிருந்து காரை நீக்காவிட்டால், உங்கள் கார் எங்கே நிற்கிறது என்று அவருக்குத் தெரியும், சில மாடல்களில் கதவையும் திறக்கலாம். பணம் கொடுப்பதற்கு முன், அவர் உங்கள் கண்ணெதிரே ஆப்பில் காரை நீக்கட்டும். பிறகு கார் திரையில் பேக்டரி ரீசெட் போடுங்கள், அவருடைய தொலைபேசிப் பட்டியலும் வீட்டு முகவரியும் அதில் அழியும். அதன்பின் உங்கள் போனில் ஆப்பை இறக்கி, காரைச் சேர்த்து, பூட்டித் திறந்து பாருங்கள். பூட்டு 'டக்'கென்று விழுந்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுக்கலாம்.